கரப்பான் பயம்

கேரளத்துக் கல்லாற்றுப் பக்கம் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஒரு பேச்சு மட்டும் மாறுவதே இல்லை. "ஒரு வயசு ஆகட்டும். கப்பலண்டியும் முட்டையும் காட்டாதீங்க, கரப்பான் பொங்கிடும்." கப்பலண்டி என்றால் நிலக்கடலை, கரப்பான் என்றால் அரிப்பெடுத்து வெடிக்கும் தோல் நோய். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இத்தனைக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று அங்கன்வாடியில் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் மாவு இலவசமாகவே கிடைக்கிறது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்த்துக் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் அமைப்பின் பெண்கள் அரைப்பது. அந்தப் பொட்டலம் என்ன ஆகிறது? பக்கத்து வீட்டில் ஏழு மாதப் பிள்ளைக்கு வந்த மாவு, தேங்காயும் நெய்யும் சேர்ந்து பெரியவர்களின் சாயங்கால லட்டு ஆனது. மிச்சம் ஆட்டுக்குப் போனது. பிள்ளைக்குக் கடையில் காசு கொடுத்து வாங்கிய டின் மாவு. "அதுல கப்பலண்டி இருக்குக்கா" என்கிறாள் பெற்றவள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. டாக்டர்களும் ஒருகாலத்தில் இதைத்தான் சொன்னார்கள். ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைக்கு முட்டை இரண்டு வயதில், நிலக்கடலை மூன்று வயதில் போதும் என்று 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவித்தது. 2008-ல் அவர்களே அதைக் கைவிட்டார்கள். 2015-ல் லண்டன் ஆய்வு ஒன்று வெளிவந்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு நிலக்கடலை கொடுத்தார்கள், பாதிப் பேருக்குத் தவிர்த்தார்கள். ஐந்து வயதில் பார்த்தால், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான்.

என் ஆத்திரமே இங்கேதான். கரப்பான் வந்த தோல் வெடித்துக் கிடக்கும். வீட்டில் பறக்கும் கடலைத் தூள் அந்த வெடிப்பு வழியே புகுந்தால், உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். வாய் வழியே வயிற்றுக்குப் போனால் பழகிக்கொள்கிறதாம். அப்படியானால் கரப்பான் உள்ள பிள்ளைக்குத்தானே காலம் கடத்தாமல் கொடுக்க வேண்டும்? கடுமையான கரப்பான் என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? முழுக் கடலையையும் யாரும் கொடுக்கச் சொல்லவில்லை, அது மூச்சுக்குழாயில் சிக்கும். கூழாகக் காய்ச்சி இரண்டு கரண்டி கொடுத்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

இதே வீடுகளில்தான் பிறந்த அன்றே வசம்பும் தேனும் குழைத்து நாக்கில் தடவுகிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதிலுள்ள கிருமி பச்சைப்பிள்ளையின் நரம்பையே முடக்கிவிடும். அதற்குப் பயமில்லை, ஏழாம் மாதத்துக் கடலைக் கூழுக்கு மட்டும் நடுக்கம். அங்கன்வாடியில் மாதாமாதம் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போதே, "இதுல கப்பலண்டி இருக்கு, பயப்படாம பிள்ளைக்கே கொடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?