தொழில் தொடங்கும் கல்வி யாருக்கு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே நம் இல்லங்களில் எழும் கேள்வி, "எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய்?" என்பதுதான். அறிவியல் என்றால் தந்தையின் முகம் மலரும். வணிகவியல் என்றால், "பாங்கு வேலைக்கு ஆகும்" என்று பாட்டி ஆறுதல் கூறுவார். வரலாறு என்றால் சிறிது நேரம் வீட்டில் பேச்சே இராது. இந்தப் பிரிவினையில் சத்தமின்றி இன்னொன்றும் தீர்மானமாகி விடுகிறது. முதல், கடன், அடக்க விலை, லாபம் என்னும் சொற்களெல்லாம் வணிகவியல் மாணவியரின் தனிச்சொத்து ஆகிவிடுகின்றன. ஏனையோர் பட்டம் பெற வேண்டும், போட்டித் தேர்வு எழுத வேண்டும், பிறகு யாரேனும் வேலை தரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் திருமணப் பேச்சு வந்துவிட்டால் அந்தக் காத்திருப்பும் முடிந்துவிடும்.

கலையும் அறிவியலும் பயிலும் மாணவியருக்குத் தொழில் தொடங்கும் அறிவையும் தலைமை ஏற்கும் பயிற்சியையும் பள்ளியிலேயே தரவேண்டும் என்பது நம் கருத்து. அதற்குப் புதிய பாடநூல் வேண்டாம் என்பதும் நம் கருத்தே. 'தொழில்முனைவோர் யாவர்? அவர்தம் பண்புகள் பத்தினை எழுதுக' என்றொரு வினா தேர்வுத் தாளில் இடம்பெறுமானால், நம் மாணவியர் பத்தையும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவர். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிய செலவைக்கூட எழுதி வைக்கும் பழக்கம் அதனால் வரப்போவதில்லை. அவரவர் பயிலும் பாடத்திலிருந்தே இந்த அறிவு முளைக்க வேண்டும். முளைக்குமா என ஐயுறுவோருக்குச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

பெங்களூரைச் சேர்ந்த கிரண் மஜும்தார் ஷா கல்லூரியில் கற்றது விலங்கியல். 1973-இல் பட்டம் பெற்றபின் ஆஸ்திரேலியா சென்று பீர் காய்ச்சும் நுட்பத்தைக் கற்றார். (மது வகையைப் பற்றி நம் மலரில் பேசலாமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம், செய்தி அங்கே நிற்கப் போவதில்லை.) தாயகம் திரும்பியபோது, ஒரு பெண்ணை அப்பணியில் அமர்த்த இங்குள்ள ஆலைகள் முன்வரவில்லை. 1978-இல் பத்தாயிரம் ரூபாய் முதலீட்டில், வாடகை வீட்டின் மோட்டார் கொட்டகையில் 'பயோகான்' நிறுவனத்தைத் தொடங்கினார். பப்பாளியிலிருந்து பப்பாயின் என்னும் நொதியையும், மீனின் காற்றுப்பையிலிருந்து பானங்களைத் தெளிவாக்கும் ஐசிங்கிளாஸ் என்னும் பொருளையும் எடுத்து விற்றார். கடன் கேட்டுச் சென்ற இடங்களில் வங்கிகள் தயங்கின. வயது 25; அதிலும் பெண்; தொழிலோ யாரும் கேள்விப்படாதது. அதே நிறுவனம் 2004-இல் நீரிழிவு நோயாளருக்கான மனித இன்சுலினை விற்பனைக்குக் கொணர்ந்தது. நுண்ணுயிர்களை வளர்த்துப் புளிக்கவைத்து வேண்டிய பொருளைப் பிரித்தெடுக்கும் அறிவுதான் அந்த இரண்டையும் இணைத்தது.

நம் விலங்கியல் மாணவியும் மீனின் காற்றுப்பையைப் பென்சிலால் அழகாக வரைகிறாள், பாகங்களைக் குறிக்கிறாள், ஆசிரியை கையெழுத்திட்டதும் ஏட்டை மூடிவிடுகிறாள். இதனால் யாருக்கு என்ன பயன், யார் விலை கொடுப்பார் என்று அவளை நாம் கேட்டதுண்டா? அந்த ஒரு வினாவைச் செய்முறை வகுப்பின் இறுதி ஐந்து நிமிடங்களில் கேட்கலாமே!

அறிவியல் ஏட்டில் மட்டும் இருப்பதன்று என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காம் பகுதியில் ஏழு இல்லத்தரசிகள் 80 ரூபாய் கடன் பெற்று, தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். முதல் நாள் விற்றவை நான்கு கட்டுகள். அதுவே பின்னாளில் 'லிஜ்ஜத்' என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. அவர்களுக்கு வழிகாட்டிய பெரியவர் வலியுறுத்தியவை இரண்டு: தரத்தைக் குறைக்கக் கூடாது, கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாததால் நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழை பெய்துகொண்டே இருந்தது. அப்பளமும் காய்ந்துகொண்டே இருந்தது. ஆவியாதல், வெப்பச் சலனம் என்று நாம் இயற்பியலில் படிப்பதை, உயர்கல்வி பெறாத அப்பெண்கள் தம் பிழைப்புக்காகக் கண்டுகொண்டனர். படித்த நம் மாணவியருக்கு அத்தகைய இக்கட்டு ஒன்றை நாம் ஒருநாளும் தருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் நாம் தருவன யாவும் விடை தெரிந்த சோதனைகளே.

கலைப் பிரிவினர் என்ன பாவம் செய்தனர்? சூரத்தில் ஆங்கில இலக்கியமும் பின்னர் அகமதாபாத்தில் சட்டமும் பயின்ற எலா பட் அம்மையார், தலைச்சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், பழந்துணி வணிகம் செய்வோர் ஆகிய பெண்களை ஒன்று திரட்டி, 1972-இல் 'சேவா' சங்கத்தை அமைத்தார். பதிவு செய்யச் சென்றபோது அதிகாரிகள் மறுத்தனர். இவர்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்பது அவர்கள் வாதம். சங்கம் என்பது தொழிலாளர் ஒன்றுபடுவதற்காக. யாரையேனும் எதிர்ப்பதற்காகவே இருக்க வேண்டியதில்லை என்று வாதாடிப் பதிவு பெற்றார் அவர். 1974-இல் சுமார் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கினர். கையெழுத்திடத் தெரியாதவர்களை அவர்தம் புகைப்படத்தைக் கொண்டு அடையாளம் கண்டனர். சொல்லின் பொருளை நுணுகி ஆராயவும், சட்டத்தின் வாசகத்தைப் படித்து விடை கூறவும், எளியோரின் வாழ்வைக் கூர்ந்து நோக்கவும் கற்றுத் தருபவை கலைப் பாடங்களே அன்றோ? தலைமைக்கு அவை எவ்வளவு பெரிய முதல் என்பதை எலா பட் வாழ்ந்து காட்டினார். 2022-இல் அவர் மறைந்தபோது சேவாவுக்கு வயது ஐம்பது.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். இங்கே தொழில் பயிற்சி இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் விற்பனை விழா நடக்கிறதே! மாணவியர் கடை போடுகின்றனர். பணியாரம், சுண்டல், எலுமிச்சைச் சாறு எல்லாம் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். மாலையில், "எங்கள் வகுப்புக்கு லாபம் 1,800 ரூபாய்!" என்று ஒருத்தி அறிவிப்பாள், அனைவரும் கைதட்டுவர்.

அந்த லாபத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டாகவே கூறுகிறோம். அரிசி, உளுந்து, வெல்லம், எண்ணெய் ஆகியன 900 ரூபாய். அடுப்பு எரிந்த வகையில் 100. பாத்திரங்களை ஆட்டோவில் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் சென்றது 150. விடியற்காலை எழுந்து இரு தாய்மார் ஆளுக்கு ஆறு மணி நேரம் அடுப்படியில் நின்றார்களே, அதற்கு மணிக்கு 60 ரூபாய் வீதம் 720. கூட்டினால் 1,870. விற்ற பணம் 1,800. ஆக அன்று அந்த வகுப்பு அடைந்தது 70 ரூபாய் நட்டம். நாம் கைதட்டி வரவேற்ற லாபத்தில் பாதிக்கு மேல் தந்தையர் பையிலிருந்து வந்தது. மீதி அம்மாவின் கூலி.

இது விளையாட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. வீட்டிலிருந்தபடியே ஊறுகாய் போடுவோரும், துணி தைப்போரும், மாவு அரைத்து விற்போரும் இளைத்துப் போவதற்குக் காரணங்களுள் ஒன்று இதுவே. சாமானின் விலையைக் கணக்கிடுவர். தம் உழைப்பின் விலையைக் கணக்கிடமாட்டார். ஆதலால் குறைந்த விலைக்கு விற்பர். விற்க விற்கச் சோர்வர். ஒருநாள், "இதில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்று நிறுத்திவிடுவர். பெண்ணின் வேலைக்கு விலையில்லை என்னும் பழக்கத்தை நாமே நம் பிள்ளைகளுக்கு விற்பனை விழாவில் கற்றுக் கொடுக்கலாமா?

தலைமைப் பயிற்சியின் கதையும் இவ்வாறே. முதல் மதிப்பெண் பெறுபவளே வகுப்புத் தலைவி. ஆசிரியை வரும்வரை பேசுவோரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவளுடைய பெரும் பணி. ஐந்து ஆண்டுகள் அவளே எழுதுவாள். பேசுபவர்களும் பெரும்பாலும் அவர்களே! அந்தப் பட்டியலில் நாள்தோறும் இடம்பெறும் பெண்ணிடம் நாற்பது பேரைக் கேட்க வைக்கும் ஆற்றல் இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்தோமா? சுற்றுலாவுக்குப் பேருந்து பேசுவது, பணம் திரட்டி ரசீது கொடுப்பது, நூலகத்துக்கு நூல் தேர்ந்தெடுப்பது, இரு தோழியரின் பிணக்கைத் தீர்ப்பது ஆகிய பொறுப்புகளைப் பருவத்துக்கு ஒருத்தியாக மாற்றித் தந்தால், மதிப்பெண் பட்டியலில் தெரியாத பலர் வெளிப்படுவர்.

பெற்றோர் சிலரின் அச்சத்தை நாம் அறிவோம். "வியாபாரம் என்றால் நகையை அடகு வைக்க வேண்டி வரும், படித்த பெண்ணுக்கு அது எதற்கு?" என்பர். அந்த அச்சம் நியாயமானதே. கணக்குத் தெரியாமல் இறங்கினால் நகை போகத்தான் செய்யும். பதினாறு வயதில் ஐந்நூறு ரூபாயை இழந்து பாடம் கற்பது, முப்பது வயதில் ஐந்து லட்சத்தை இழந்து கற்பதைவிட மலிவு. பள்ளி சந்தையாகிவிடுமே என்னும் அருட்சகோதரியரின் கவலைக்கும் மதிப்பளிக்கிறோம். ஆனால் நாம் வேண்டுவது பணத்தாசையை வளர்க்கும் பயிற்சி அன்று. லிஜ்ஜத்தில் உழைக்கும் பெண்களே உரிமையாளர்கள். சேவா வங்கியில் பணம் போட்டவர்களே பங்குதாரர்கள். இத்தகைய முறைகளும் உலகில் உண்டு என்று சொல்லித் தராவிடில், தொழில் என்றாலே ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது என்று மாணவியர் தாமாகவே முடிவு செய்துகொள்வர்.

கற்பிக்க ஆசிரியர் எங்கே என்று கேட்பவர்க்கும் விடை உண்டு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பின்னர் தமிழகமெங்கும் பரவின. நம் மாணவியருள் பலரின் தாய்மார் அவற்றில் உறுப்பினர். வாரந்தோறும் கூடித் தீர்மானம் எழுதுகின்றனர். யாருக்கு முதலில் கடன் என்று முடிவு செய்கின்றனர். தவணை தவறியவள் வீட்டுக்குச் சென்று அவமதிக்காமல் பேசி வசூலிக்கின்றனர். வங்கி மேலாளர் முன் அமர்ந்து கேள்வி கேட்கின்றனர். எட்டாம் வகுப்போடு நின்ற அந்தத் தாய் செய்வதை, பட்டம் பெறப் போகும் மகள் ஒருநாளும் அருகிருந்து பார்த்ததில்லை. பெரிய நிறுவனத் தலைவர் ஒருவரை அழைத்து, மேடையிட்டு, மாலையணிவித்துச் சொற்பொழிவு கேட்பதைவிட, இரு தாய்மாரை அவர்தம் தீர்மானப் புத்தகத்துடனும் கடன் பேரேட்டுடனும் வகுப்புக்கு அழைப்பது மேல். மாலைச் செலவும் மிச்சம்.

அடுத்த ஆண்டு விற்பனை விழாவில் தொடங்கலாம். பதினோராம் வகுப்பின் வரலாற்றுப் பிரிவுக்கு ஒன்றும் அறிவியல் பிரிவுக்கு ஒன்றுமாக இரு கடைகள் தரலாம். பெற்றோர்-ஆசிரியர் கழகம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கடனாகக் கொடுத்து, ஒரு மாதத்தில் திரும்பப் பெறலாம். வீட்டிலிருந்து இலவசமாக எதுவும் வரக்கூடாது. தாய்மார் உதவினால் கூலி எழுதப்பட வேண்டும். பொருளாளர் பொறுப்பு வாரம் ஒருவருக்கு மாற வேண்டும். வணிகவியல் மாணவியர் கணக்குத் தணிக்கை செய்யட்டும். தங்கள் பாடம் பயன்படுவதில் அவர்களுக்கும் மகிழ்ச்சி. வரவு செலவுக் கணக்கை, லாபமானாலும் நட்டமானாலும், அடுத்த மலரில் விளையாட்டு விழா முடிவுகளுக்கு அடுத்த பக்கத்தில் அச்சிட வேண்டுகிறோம். அதில் 'அம்மாவின் கூலி' என்னும் வரியை மட்டும் ஆசிரியர் குழு இடம் போதவில்லை என்று நீக்கிவிடாதிருக்கட்டும்.