சட்டமன்றத்தில் அறிவியலுக்கும் ஓர் இடம் வேண்டும்

அறிவியல் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் குடும்ப விருந்துகளில் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. "படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எனக்குக் கிடைக்கும் பதில்கள் மூன்றுதான்: தொழிற்சாலை ஆய்வுக்கூடம், மருந்து நிறுவனம், ஆசிரியர் பணி. மூன்றும் நல்ல வேலைகளே. ஆனால் "சட்டமன்றம்" என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அப்படியொரு வழி இருக்கிறது. கலிஃபோர்னியா அறிவியல் தொழில்நுட்ப மன்றம் என்பது இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. எந்தக் கட்சியையும் சாராதது. மாநிலச் சட்டமன்றமே 1988இல் தீர்மானம் நிறைவேற்றி இதனை உருவாக்கியது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், ஸ்டான்ஃபோர்ட், கால்டெக் முதலிய உயர்கல்வி நிலையங்களும் லாரன்ஸ் பெர்க்லி போன்ற தேசிய ஆய்வுக்கூடங்களும் இதற்குத் துணை நிற்கின்றன. அரசாங்கம் ஓர் அறிவியல் கேள்வி கேட்டால், அதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர்களைத் தேடிப் பிடித்து ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் இதன் வேலை.

இப்படியோர் அமைப்பு எதற்கு என்று கேட்கலாம். கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து 120 உறுப்பினர்கள். ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் அவர்கள் முன் வருகின்றன. தண்ணீர், காட்டுத்தீ, மின்சாரம், பூச்சிமருந்து எனப் பலவற்றில் அறிவியல் கலந்திருக்கிறது. ஓர் உறுப்பினர் மொத்தம் 12 ஆண்டுகளுக்கு மேல் சட்டமன்றத்தில் இருக்க முடியாது என்ற விதியும் அங்கே உண்டு. அனுபவம் சேரும் நேரத்தில் ஆள் வெளியேறிவிடுவார். அந்த இடைவெளியை யார் நிரப்புவது? நிறுவனங்களின் சார்பில் பேச வருபவர்கள் எப்போதும் தயாராக இருப்பார்கள். அறிவியலாளர்கள் அழைக்கப்பட்டால்தான் வருவார்கள்.

அந்த அழைப்பு என்ன செய்யும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, 'ஃபிராக்கிங்'. நிலத்தடிப் பாறையை அதிக அழுத்தத்தில் செலுத்தும் நீராலும் இரசாயனங்களாலும் உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை இது. ஒரு தரப்பு இதனை நஞ்சு என்றது. மறு தரப்பு முழுப் பாதுகாப்பு என்றது. 2013இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், சுயேச்சையான அறிவியல் ஆய்வு நடத்தப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்தப் பணி இந்த மன்றத்திடம் வந்தது. 2015இல் வெளிவந்த அறிக்கை இரு தரப்பையும் முழுமையாகத் திருப்திப்படுத்தவில்லை. மாநிலத்தின் எண்ணெய், எரிவாயு உற்பத்தியில் அப்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இம்முறையைச் சார்ந்திருந்தது. பாதிப்புகளில் பெரும்பகுதி பாறையை உடைப்பதால் மட்டும் வருவதில்லை, எண்ணெய் எடுக்கும் தொழில் முழுவதிலிருந்தும் வருகிறது என்றது அறிக்கை. அதே சமயம், பயன்படுத்தப்படும் இரசாயனங்கள் பலவற்றின் நச்சுத்தன்மை பற்றிப் போதிய தகவலே இல்லை என்பதையும், கழிவுநீர் மண் குழிகளில் விடப்பட்டு நிலத்துக்குள் இறங்குவதையும் சுட்டிக்காட்டியது. மக்கள் குடியிருப்புக்கு மிக அருகில் கிணறு இருப்பது, அது எந்த வகைக் கிணறாக இருந்தாலும் கவலைக்குரியது என்றது.

இங்கே கவனியுங்கள், விவாதத்தின் கேள்வியே மாறிவிட்டது. "ஃபிராக்கிங் நல்லதா, கெட்டதா?" என்ற கேள்வி போய், "கிணறு என் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்ற கேள்வி வந்தது. வீடு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 3,200 அடிக்குள் புதிய எண்ணெய்க் கிணறுகள் கூடாது என்று 2022இல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. அந்த ஓர் அறிக்கையால் மட்டுமே இச்சட்டம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். கிணறுகளுக்கு அருகில் வசித்த மக்களின் நீண்ட போராட்டமும் அதில் இருக்கிறது. ஆனால் போராடுபவர்களின் கையில் ஆதாரம் இருப்பதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு உண்டு.

இரண்டாவது உதாரணம் இன்னும் கடினமானது. 2015 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுக் கிடங்கில் கசிவு ஏற்பட்டது. கசிந்த கிணறு 1950களில் எண்ணெய் எடுப்பதற்காகத் தோண்டப்பட்டது. அதனை அடைக்க ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் சுமார் ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. இரண்டு பள்ளிகளின் மாணவர்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டனர். கிடங்கை உடனே மூட வேண்டும் என்பது மக்களின் கோரிக்கை. மாநிலத்தின் எல்லாக் கிடங்குகளையும் ஆராயும் பொறுப்பு இந்த மன்றத்திடம் வந்தது. 2018இல் வெளியான அறிக்கை, இன்றைய நிலையில் மாநிலத்தின் எரிசக்தித் தேவைக்கு நிலத்தடிக் கிடங்குகள் அவசியம் என்றது. அவற்றின் ஆபத்துகளைக் கடுமையான கண்காணிப்பால் கட்டுப்படுத்த முடியும் என்றும் கூறியது.

கசிவால் தலைவலியும் மூக்கில் இரத்தமும் வந்த பிள்ளையின் தாய் இந்த முடிவைப் படித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? "இதற்கா அறிவியலாளர்களைக் கூப்பிட்டீர்கள்?" என்றுதான் கேட்பார். அந்தக் கோபம் நியாயமானது. இங்கேதான் இத்தகைய அமைப்புகளுக்கு எதிரான வலுவான வாதமும் எழுகிறது: மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத நிபுணர்கள் எங்கள் வாழ்க்கையை ஏன் தீர்மானிக்க வேண்டும்?

என் பதில் இதுதான்: அவர்கள் தீர்மானிக்கக் கூடாது. கிடங்கை இன்று மூடினால் குளிர்காலத்தில் என்ன ஆகும் என்பது அறிவியல் கேள்வி. எரிவாயுவை நம்பியே ஒரு மாநிலம் எத்தனை காலம் வாழலாம் என்பது மக்களின் கேள்வி. முதல் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தால்தான் இரண்டாவதை உருப்படியாக விவாதிக்க முடியும். பிற்பாடு 2021இல் ஃபிராக்கிங் அனுமதிகளைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக ஆளுநர் அறிவித்தார். அது அரசியல் முடிவு. அதற்கான பொறுப்பும் அவருடையதே. நிபுணர் மீது பழி போட்டுவிட்டு அரசியல்வாதி ஒதுங்குவதும், அரசியல்வாதியின் இடத்தில் நிபுணர் உட்காருவதும் இரண்டுமே தவறு.

ஆகவே இத்தகைய அமைப்பிடம் மூன்று நிபந்தனைகளை எதிர்பார்க்கிறேன். அறிக்கை முழுவதும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். ஆய்வாளர்களுக்கு எந்த நிறுவனத்தோடு பணத் தொடர்பு இருந்தாலும் அது சொல்லப்பட வேண்டும். ஆய்வில் தெரியாமல் போனவற்றையும் எழுத வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது விளம்பரத் தாளாகிவிடும்.

அறிக்கைகளைவிட என்னைக் கவர்ந்தது இம்மன்றத்தின் இன்னொரு திட்டம். 2009 முதல், முனைவர் பட்டம் பெற்ற இளம் அறிவியலாளர்கள் ஓராண்டுக்குச் சட்டமன்ற அலுவலகங்களில் பணியமர்த்தப்படுகிறார்கள். மசோதாக்களைப் படிக்கிறார்கள், குறிப்பு எழுதுகிறார்கள், உறுப்பினர் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலக்கூறைப் பற்றி ஐந்து ஆண்டுகள் யோசித்தவர், இங்கே ஒரே பிற்பகலில் ஒரு பக்கத்தில் விளக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்குப் பொருந்தாத கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம், காடு, ஊராட்சி ஆகியவை மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. தொழிற்சாலைக்கு எந்த நிலம், எந்தக் காட்டை அழிக்கலாம் என்ற முடிவுகள் மாநில அளவில்தான் எடுக்கப்படுகின்றன. 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது நான் இடைநிலைப்பள்ளி மாணவி. வகுப்பில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அது என்ன வாயு? நாடு தழுவிய அளவில் நமக்கு 1995 முதல் மலேசிய அறிவியல் கழகம் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்குள்ளும் அறிவியலாளர்கள் உட்கார ஒரு நாற்காலி போடப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஆண்டுக்கு இருவர் போதும், தொடங்கலாம்.

இதில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நமக்கு ஒரு சாதகம் இருப்பதாக நினைக்கிறேன். நாம் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறோம், மலாயில் தேர்வு எழுதியிருக்கிறோம், பாட்டியிடம் தமிழில் பேசுகிறோம். நீரில் அம்மோனியா அளவு கூடியது என்பதை மூன்று மொழிகளிலும், மூன்று விதமான ஆட்களுக்கும் புரியும்படி சொல்லப் பழகியவர்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் சொல்லலாம்.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கும் கல்லூரி நண்பர்களுக்கும் ஒரு யோசனை. இந்த விடுமுறையில் உங்கள் வட்டாரத்துப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: அடைபட்ட கால்வாய், குப்பை மேடு, அடிக்கடி வரும் வெள்ளம், எதுவானாலும் சரி. என்ன தெரியும், என்ன தெரியாது, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் மலாயில் எழுதுங்கள். உங்கள் ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள். பிறகு அதனை உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். பதில் வராமல் போகலாம். அடுத்த மாதம் இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்.