வேலி தாண்டுவது வீரமா?



நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். கொடைக்கானல் குணா குகையின் கம்பி வேலியைத் தாண்டி நின்று சிரிக்கிறான் ஒரு பையன். கீழே வரிசையாக 'கெத்து' என்று கமெண்ட். போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. ராத்திரி தூக்கமே வரவில்லை.

2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்த்து எல்லோரும்தான் அழுதோம். தடையை மீறியதால் வந்த வினையைத்தானே அந்தப் படம் காட்டியது? 2006-இல் அந்த நண்பன் கயிறு கட்டி இறங்கியது ஓர் உயிரை மீட்க. நீங்கள் இறங்கத் துடிப்பது லைக்குக்கு. இரண்டும் ஒன்றா?

"அப்போ குகைக்கே போகக் கூடாதா சார்?" என்பீர்கள். தாராளமாகப் போங்கள். வியட்நாமின் சோன் டூங் குகைக்குள் போக, சுமார் 80 மீட்டர் கயிற்றில் இறங்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேருக்குத்தான் அனுமதி. ஹெல்மெட், இடுப்புப் பட்டை, கயிற்றைச் சரிபார்க்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் உண்டு. அதற்குப் பெயர் சாகசம். இதற்குப் பெயர் திமிர்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அந்த வேலி, ஆழம் தெரிந்தவர்கள் போட்டது.

'கெத்து' போட்டவர்கள் இன்றே அதை அழியுங்கள். அந்தப் பையனுக்கு ஒரு போன் போடுங்கள். பாராட்ட அல்ல, திட்ட.