போமட் அடிக்க முதல்

பழைய கொம்பியூட்டர் ஓன் ஆகும்போதே திரும்பத் திரும்ப றீஸ்டார்ட் ஆனால், கல்முனைப் பக்கம் உடனே கிடைக்கிற வைத்தியம் "போமட் அடிங்க" என்பதுதான். நாங்கள் இதற்கு எதிர்ப்பு. 2004 சுனாமி எத்தனையோ வீட்டு அல்பங்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எடுத்த கலியாணப் படங்கள், வாப்பாட படங்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கு.

விண்டோஸ் லோகோ வர முதலே விழுகிறதென்றால் போமட் அடித்து என்ன பிரயோசனம்? விண்டோஸ் இன்னும் வேலையே தொடங்கவில்லையே! ரேம், பவர் சப்ளை, மதர்போர்ட், இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேணும். ஜன்னல் கம்பியையே தின்கிற எங்கட கடல்காத்து ரேமை மட்டும் விடுமா? பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, அதன் தொடுமுனையை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துப் போட்டுப் பாருங்க. மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கா என்றும் பாருங்க. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்ட்களில் இது உலகம் முழுக்க நடந்த கூத்து.

லோகோ வந்த பிறகு விழுந்தால் கதை வேறு. எக்ஸ்பியும் செவனும் பிழையைக் காட்டாமலே றீஸ்டார்ட் ஆகிற மாதிரித்தான் வருகின்றன. ஓன் ஆகும்போது எஃப்8 அழுத்தி, தானாக றீஸ்டார்ட் ஆவதை நிறுத்தினால் நீலத்திரை அப்படியே நிற்கும். பிழை எண்ணை வாசிக்கலாம்.

ஒன்றும் சரிவராவிட்டால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டி, படங்களைக் கொப்பி பண்ணுங்க. போமட் அதுக்குப் பிறகு.