உங்கள் தாமானுக்கு ஒரு சிசிடிவி: செலாயாங்கில் அந்தக் காசு எந்தக் கதவு வழியாக வருகிறது?

உங்கள் தாமானிலும் விளக்கு எரியாத ஒரு சந்து இருக்கும். அங்கே யாரோ ஒருவரின் கைப்பை பறிபோயிருக்கும். அன்றைக்கு ராத்திரியே வாட்சாப் குழுவில் ஒருவர் கேட்பார்: "கவர்மெண்ட் ஏன் ஒரு சிசிடிவி போடக்கூடாது?"

நியாயமான கேள்விதான். ஆனால் பொதுப் பாதுகாப்புக்கான மானியத்தைக் கையாளும் அதிகாரியின் மேசைக்கு அது போனதும் முதலில் பார்க்கப்படுவது வேறு விஷயம். அந்தச் சந்து யாருடைய இடம்?

செலாயாங்கில் இது லேசான கேள்வி இல்லை. ஜாலான் ஈப்போவில் வடக்கே போனால் பாசார் போரோங் வரும். நாம் எல்லாரும் 'செலாயாங் பாசார்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது இருப்பது கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்குள். நிர்வாகம் கோலாலம்பூர் மாநகர் மன்றம், போலீஸ் செந்தூல் மாவட்டம். கொஞ்சம் தள்ளி செலாயாங் பாருவுக்குப் போய்விட்டால் நீங்கள் சிலாங்கூரில் நிற்கிறீர்கள். அங்கே நிர்வாகம் 1997 ஜனவரி 1ஆம் தேதி உருவான செலாயாங் நகராண்மைக் கழகம், போலீஸ் கோம்பாக் மாவட்டம். திருடனுக்கு இந்தக் கோடு தெரியாது. பட்ஜெட்டுக்கு நன்றாகவே தெரியும்.

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். பாசார் போரோங் சுற்றுவட்டாரத்துக்கு ஏப்ரல் 20ஆம் தேதி கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சில நாளில் செலாயாங் பாருவின் ஒரு பகுதிக்கும் முள்கம்பி வந்துவிட்டது. ஆபத்து கோட்டைத் தாண்டி வரும்போது இரண்டு பக்கமும் சேர்ந்துதான் வேலை செய்தாக வேண்டும். சாதாரண நாளில் மானிய விண்ணப்பத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு கம்பம் எந்தப் பக்கம் நிற்கிறதோ, அந்தப் பக்கத்துக் கதவைத்தான் தட்டணும்.

சரி, எந்தெந்தக் கதவு?

பழைய கதவு ருக்குன் தெத்தாங்கா. 1975 ஆகஸ்ட் 29ஆம் தேதி அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் இதைத் தொடக்கி வைத்த இடம் கம்போங் காசிப்பிள்ளை. பெயரிலேயே ஒரு தமிழர் இருக்கிறார். அதுவும் இதே ஜாலான் ஈப்போ பக்கம்தான். அப்போது இரவு ரோந்து ஆண்களுக்குக் கட்டாயம். உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், டார்ச் லைட்டோடு சுற்றிய கதை வரும். இப்போது அது 2012ஆம் ஆண்டின் ருக்குன் தெத்தாங்கா சட்டத்தின் கீழ் இயங்குகிறது. ரோந்து தன்னார்வப் பணி. நாடு முழுக்க 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. பொறுப்பு தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சுக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் மானியம் உண்டு, ஆனால் சிறிய தொகைதான். ரோந்துக்கான சட்டை, டார்ச், ஒரு கூட்டம், ஒரு கோத்தோங் ரோயோங் என்று சீக்கிரமே தீர்ந்துவிடும்.

அடுத்த கதவு 'பண்டார் செலாமாட்' எனப்படும் பாதுகாப்பான நகரத் திட்டம். 2004இல் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு தொடங்கியது. நடைபாதையையும் மோட்டார் சைக்கிள் போகும் பாதையையும் பிரிக்கும் தடுப்பு, தெருவிளக்கு, சிசிடிவி, குற்றம் நடந்த இடங்களை வரைபடத்தில் குறிப்பது எல்லாம் இதில் அடக்கம். நடைமுறைப்படுத்துவது ஊராட்சி மன்றம்.

கடைசியாக, நகராண்மைக் கழகத்தின் சொந்தப் பணம். அது நீங்களும் நானும் கட்டுகிற மதிப்பீட்டு வரி. மலாயில் அதன் பேச்சுப் பெயரே 'சுக்காய் பிந்து', கதவு வரி! தைப்பூசக் கூட்டம் திரளும் பத்துமலையும் இதே கழகத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மானியம் கிடைத்து, கேமரா வந்து, படமும் எடுத்தாச்சு. இரண்டு வருஷம் கழித்து அது ஓடுமா?

நம் நாட்டு பட்ஜெட்டில் இரண்டு பை இருக்கிறது. ஒன்று மேம்பாட்டுச் செலவு, இன்னொன்று நிர்வாகச் செலவு. கம்பமும் கேமராவும் வாங்குவது முதல் பையில் அடங்கும். கரண்ட் பில், பழுதுபார்ப்பு, பதிவைப் பார்க்கிற ஆளின் சம்பளம் எல்லாம் இரண்டாவது பை, வருஷா வருஷம். முதல் பையில் இருந்து எடுப்பது சுலபம். திறப்பு விழா நடத்தலாம், ரிப்பன் வெட்டலாம். பழுதுபார்ப்புக்கு யாராவது ரிப்பன் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் ஆண்டுக்கு ஒதுக்கிய நிர்வாகப் பணம் டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் பொதுவாகக் கைவிட்டுப் போகும். அதனால் ஆண்டுக் கடைசியில் 'எதையாவது வாங்கிடுவோம்' என்ற அவசரம் வருகிறது. நல்ல மானிய அதிகாரி அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவர். சொல்லிப் பெயர் வாங்க முடியாத வேலை அது.

இவ்வளவு பாரம் ஏன் என்று சலித்துக்கொள்வீர்கள். விலைப் பட்டியல், ரசீது, படம், அறிக்கை. இது பொதுப்பணம், தலைமைக் கணக்காய்வாளர் எப்போது வேண்டுமானாலும் கோப்பைத் திறக்கலாம். மானியம் என்றால் நம் சமூகத்துக்கு உடனே நினைவுக்கு வருவது மித்ரா. இந்திய அமைப்புகளுக்குப் போன அந்த மானியங்கள் பற்றி 2021இல் ஊழல் தடுப்பு ஆணையமே விசாரணையில் இறங்கியது.

ஆனால் பாரம் கூடக் கூட ஒரு விளைவு உண்டு. கணக்காளரும் வழக்கறிஞரும் குடியிருக்கும் தாமான் ஒரே வாரத்தில் அழகான விண்ணப்பம் அனுப்பிவிடும். ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த அடுக்குமாடியில் பாரம் நிரப்ப ஆளே கிடைக்காது. வசதியான தாமான் சொந்தச் செலவில் காவலாளியும் வைத்துக்கொள்ளும். அப்படியென்றால் மானியம் தேவை அதிகம் உள்ள இடத்துக்குப் போகாமல், எழுதத் தெரிந்த இடத்துக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த வேலையின் கஷ்டமான பகுதி இதுதான். விண்ணப்பமே வராத தெருவை அதிகாரி தானே தேடிப் போகணும்.

எந்தத் தெரு ஆபத்து என்று எப்படித் தெரியும்? போலீசின் குற்றக் குறியீடு வன்முறைக் குற்றங்களையும் திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களையும்தான் எண்ணுகிறது. போதைப்பொருளும் ஆன்லைன் மோசடியும் வேறு கணக்கு. அதோடு, புகார் கொடுத்தால்தான் எண்ணிக்கை. பாசாரைச் சுற்றி வாழும் வெளிநாட்டுத் தொழிலாளி, பெர்மிட் இல்லாத பயத்தில் போலீஸ் நிலையத்துக்கே போகமாட்டார். அவரிடம் பறித்த பணம் எந்த வரைபடத்திலும் புள்ளியாக விழாது.

அமெரிக்காவில் மானிய நிர்வாகம் தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. சமூகக் காவல் பணிக்கு மானியம் கொடுக்கும் கூட்டரசு அலுவலகம் 1994 முதல் இருக்கிறது. அங்கேயும் 2025 ஏப்ரலில் நீதித்துறை, கொடுத்து முடித்த நூற்றுக்கணக்கான மானியங்களை நடுவிலேயே ரத்து செய்தது. வன்முறைத் தடுப்பு வேலைக்கு ஆள் எடுத்திருந்த அமைப்புகள் ஒரே நாளில் நிலைதடுமாறின.

ஆகவே உங்கள் தாமான் கூட்டத்தில் கேமரா பேச்சு வந்தால், இரண்டு கேள்வியைக் கேட்டு நிமிடக் குறிப்பில் எழுத வையுங்கள்: கம்பம் நிற்கப்போகும் நிலம் யாருடையது, மூன்றாவது வருஷத்து கரண்ட் பில்லை யார் கட்டுவார்கள்? அதற்குப் பதில் இருந்தால் விண்ணப்பத்தின் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, மலாய் பாரத்தைத் தடுமாறாமல் நிரப்பக்கூடிய ஒருவர் வேண்டும். அந்தக் கூட்டத்தில் அது அநேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள்.