பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் பதினைந்து வயதுப் பிள்ளையும்

மே மாதம் பிறந்துவிட்டால் போதும், காட்டுப்பாக்கத்தில் நமது பங்கு இல்லத்தின் வாசலில் பெற்றோர் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகல் இருக்கும். "ஃபாதர், சிஸ்டருக்கு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க, ஃபர்ஸ்ட் குரூப் கிடைச்சாப் போதும்" என்பதுதான் பெரும்பாலோரின் வேண்டுகோள். திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கம் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப்போகும் தகப்பன்மார், தையலுக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தாய்மார். நாமும் கடிதம் எழுதித் தருகிறோம். சில கடிதங்கள் பலிக்கின்றன; பல பலிப்பதில்லை. பலிக்காத கடிதங்களைப் பற்றியே இம்முறை சிந்திக்க விரும்புகிறோம்.

கல்லூரி இடத்தைத் தீர்மானிப்பது பிளஸ் டூ மதிப்பெண் என்றே நாம் அனைவரும் எண்ணியிருக்கிறோம். ஏட்டளவில் அது சரிதான். 1984இல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2007 முதல் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப்தான் அடிப்படை. மருத்துவம் மட்டும் 2017 முதல் நீட் தேர்வின் வழியாகப் போய்விட்டது. ஆனால் அந்த 200 மதிப்பெண்ணுக்கான ஓட்டத்தில் கலந்துகொள்ளவே, பிளஸ் ஒன் சேரும் நாளில் அந்தப் பாடங்கள் உள்ள குரூப் கிடைத்திருக்க வேண்டும். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் பத்தாம் வகுப்பு மதிப்பெண். பதினேழு வயதில் கவுன்சிலிங்கில் தோற்றவர்களை நாம் எண்ணுகிறோம். பதினைந்து வயதிலேயே வரிசையைவிட்டு அனுப்பப்பட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அதன்பிறகும் பத்தாம் வகுப்பு நம்மை விடுவதில்லை. பொறியியல் தரவரிசையில் இருவர் சமமாக நின்றால் கணிதம், இயற்பியல் என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். பிளஸ் டூ மொத்தமும் சமமாக இருந்தால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை எடுத்து வைக்கிறார்கள். பிறந்த தேதியைப் பார்ப்பது அதற்கும் பிறகுதான்.

இந்தப் பழைய மதிப்பெண்ணின் பலம் முழுமையாக வெளிப்பட்டது 2021ஆம் ஆண்டில். கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, ஜூன் 5ஆம் நாள், பிளஸ் டூ பொதுத் தேர்வு ரத்து என்று அரசு அறிவித்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் போட வேண்டும். பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று வகுத்தார்கள். அதாவது 2019 மார்ச்சில், பதினைந்து வயதில் எழுதிய தேர்வு, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து கல்லூரி வாசலில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த நெருக்கடியில் வேறு வழி இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. மூன்று நல்ல பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டதில் ஒரு கரிசனமும் இருந்தது. திருப்தி இல்லாதவர்கள் தேர்வு எழுதவும் இடம் கொடுத்தார்கள். ஆயினும் பத்தாம் வகுப்பில் சுமாராகப் படித்து, பிளஸ் டூவில் விழித்துக்கொண்ட பிள்ளைகளின் நிலை என்ன? பையன்களில் பலர் அப்படித்தான் என்று ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் விழித்ததற்குச் சாட்சியே இல்லாமற் போயிற்று.

அதற்கு முந்திய ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது இன்னும் ஒரு படி மேலே. 2020 கோடையில் அங்கும் தேர்வு இல்லை. மாணவருடைய மதிப்பெண்ணைக் கணக்கிட, அவர் படித்த பள்ளி முந்தைய மூன்று ஆண்டுகளில் பெற்ற தேர்ச்சியையும் ஒரு சூத்திரத்தில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. முன்பு படித்த அண்ணன்மார் சரியாக எழுதாததற்கு இந்தப் பிள்ளை தண்டனை அனுபவிப்பதா என்று மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 17ஆம் நாள் அரசு அந்த முறையைக் கைவிட்டது.

நமது மாநிலத்தில் அதே 2021இல் இன்னொன்றும் நடந்தது. அதை எல்லாரும் மறந்துவிட்டோம். அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டு, மதிப்பெண் இல்லாத சான்றிதழே பெற்றார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மதிப்பெண் என்ற ஒன்றே இல்லாத அணி அது. அவர்களும் பிளஸ் ஒன் சேர்ந்தார்கள், குரூப் எடுத்தார்கள், 2023 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினார்கள். தேர்ச்சி 94.03 விழுக்காடு. அந்த அணியில்தான் திண்டுக்கல்லைச் சேர்ந்த ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள் 600க்கு 600 பெற்றார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் இல்லாமல் பிள்ளைகளுக்கு எந்தக் குரூப் கொடுப்பது என்று தலையில் கைவைத்த நமது பள்ளி நிர்வாகிகள், இந்த விடையை எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இடையில் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு வந்து போன கதையும் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை நடத்திய பள்ளிகளுக்குக் கடிவாளமாக, 2018 மார்ச்சில் அது முதன்முதல் நடந்தது. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 1200 என்று முதலில் சொன்னார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், உயர்கல்விக்குப் பிளஸ் டூவின் 600 மட்டுமே என்று மாற்றினார்கள். 2025 ஆகஸ்ட் 8ஆம் நாள் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையுடன், 2025-26 முதல் அந்தத் தேர்வே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைவது நல்லதே. ஆனால் நடுவில் இருந்த படி போனபின், பத்தாம் வகுப்பு என்ற முந்தைய படியின்மேல் இன்னும் அதிகப் பாரம் ஏறும் என்பது நமது கணிப்பு.

அரசை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. குரூப்பைக் கொடுப்பவர்கள் பள்ளி நிர்வாகிகள். அவற்றில் கணிசமானவை நமது மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்துபவை. வாசலில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பேனர் கட்டும் ஆசை நம்மையும் விடவில்லை. எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டம் தடை போடுகிறது. அதனால் ஒன்பதாம் வகுப்பில்தான் டி.சி. பேச்சு தொடங்குகிறது. நமது பங்கைச் சேர்ந்த ஒரு பையன் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டில் தகப்பனார் வேலையிடத்தில் விழுந்து நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். பையன் மாலையில் கடைக்கு வேலைக்குப் போனான். மதிப்பெண் 271. தான் ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளியிலேயே அவனுக்கு எந்தக் குரூப்பிலும் இடமில்லை என்றார்கள். நமது கடிதமும் உதவவில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேர்ந்தான். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை நமது பெற்றோர் பலர் இன்றும் அறியவில்லை.

தலைமையாசிரியைகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கணிதத்தில் 40 எடுத்த பிள்ளையை முதல் குரூப்பில் உட்கார வைத்தால் அது திணறும், பிளஸ் டூவில் கலைக் கல்லூரிக்குக்கூட மதிப்பெண் இல்லாமல் நிற்கும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் எந்த 40 திணறும், எந்த 40 எழுந்து நிற்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லையே. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் தோட்ட உரிமையாளரிடமும் மூன்று ஆண்டுக் கணக்கு இருந்தது, அதில் தவறும் இல்லை. தோட்டக்காரர் அந்தக் கணக்கை மறுத்துப் பேசவில்லை. மண்ணைக் கிளறி உரமிடத் தமக்கு இன்னும் ஓராண்டு கேட்டார். உழைப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டுதான் கேட்டார் என்பதை நாம் கவனிப்பதில்லை. பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி இலத்தீன் வராமல் குருமடத்திலிருந்து அனுப்பப்பட்டவர். அருள்தந்தை பாலே என்ற பங்குத்தந்தை தம் இல்லத்தில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்திராவிட்டால், 1815இல், 29ஆம் வயதில், அவர் குருவாகியிருக்க முடியாது.

மதிப்பெண்ணோடு சேர்ந்ததல்ல என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் போன்றவற்றில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அரசு உதவி பெறும் நமது பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகள் அதில் வருவதில்லை. ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றும்போதே பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போதே நாம் சொல்லுகிறோமா?

சென்ற ஆண்டு முதல் நாம் எழுதும் கடிதத்தில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. பிள்ளை கேட்கும் குரூப்பில் காலாண்டுத் தேர்வு வரை வைத்துப் பாருங்கள். மாலையில் பங்கு மண்டபத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் இசைந்திருக்கிறார்கள். இயலாவிட்டால் பெற்றோரை நாமே அழைத்து வந்து குரூப் மாற்றிக்கொள்கிறோம் என்று எழுதுகிறோம். அப்படி எழுதிய நான்கு கடிதங்களில் ஒன்றுக்குத்தான் இடம் கிடைத்தது. காலாண்டில் அந்தப் பிள்ளை கணிதத்தில் எடுத்தது 51. இன்னும் அதே குரூப்பில்தான் படிக்கிறாள்.