யாருடைய மண்ணில் நிற்கிறோம்?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரப் பள்ளிகளில் அசெம்பிளி தொடங்கியதும் ஒரு மாணவர் மைக் முன்னால் வருவார். ‘இந்த மண்ணின் பாரம்பரியக் காவலர்களை மதிக்கிறோம். அவர்களின் மூத்தோருக்கு மரியாதை செலுத்துகிறோம்’ என்ற பொருளில் இரண்டு வரி சொல்வார். பிறந்தநாள் வாழ்த்து, விளையாட்டு ரிசல்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடிக்கடி சொன்னால் எதுவும் வாய்ப்பாடாகிவிடும். “அவங்க யார்? இப்போ எங்கே?” என்று ஒரு குழந்தை கேட்கும்போதுதான் பாடமே தொடங்குகிறது.

அந்தப் பாடத்தைச் சில பள்ளிகள் தோட்டத்தில் தொடங்குகின்றன. அங்கே முர்னோங் என்ற செடியை நடுகிறார்கள். மஞ்சள் பூ, மண்ணுக்கடியில் சின்னக் கிழங்கு. நகரம் உருவாகும் முன் இங்கு வாழ்ந்த வுருன்ஜெரி பழங்குடிப் பெண்கள், கூரிய கழியால் தோண்டி எடுத்த அன்றாட உணவு இது. வெள்ளையர்கள் கொண்டுவந்த ஆடுகள் மேய்ந்து மேய்ந்தே அதை அழித்தன. ஒரு செடி போனதும் ஒரு சமூகத்தின் சாப்பாடும் போனது.

நிலம் போன கதை இன்னும் கசப்பானது. 1835-ல் ஜான் பேட்மன் என்பவர் போர்வை, கத்தி, கோடரி, மாவு கொடுத்து, லட்சக்கணக்கான ஏக்கர் தன்னுடையது என்றார். அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அரசு அறிவித்தது. ஆனால், நிலம் மக்களிடம் திரும்பவில்லை. அது பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தம் என்பதுதான் அரசு சொன்ன காரணம்!

அன்று சிறுவனாக இருந்தவர் வில்லியம் பராக். பிற்காலத்தில் வுருன்ஜெரி மக்களின் தலைவரானார். 1863-ல் கொராண்டர்க் என்ற இடத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. உழுது பயிரிட்டார்கள். விளைச்சலுக்குப் பரிசும் வாங்கினார்கள். அந்த நிலத்தையும் பறிக்கப் பார்த்தபோது, பராக் தன் மக்களுடன் மெல்பர்ன்வரை நடந்தே சென்று மனு கொடுத்தார். ஆனால், 1886-ல் வந்த சட்டம் கலப்பினத்தவர் என்று சொல்லி உழைக்கும் வயதினரை வெளியேற்றியது. உழைக்க ஆளில்லாத பண்ணை என்ன ஆகும்? 1924-ல் மூடப்பட்டது.

“இப்போ எங்கே?” என்ற கேள்விக்கும் பதில் உண்டு. இங்கேதான் இருக்கிறார்கள். மரியாதை வரிகளை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால், ‘எங்கள் மண்ணுக்கு வாருங்கள்’ என்று வரவேற்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே. நகரின் யாரா ஆற்றை அவர்கள் பிர்ராருங் என்பார்கள். 2017-ல் அந்த ஆற்றைக் காக்க வந்த சட்டத்துக்கு அவர்கள் மொழியிலும் பெயர் வைத்தார்கள்.

இதெல்லாம் தெரிந்த குழந்தை அடுத்த முறை மைக் முன்னால் நிற்கும்போது, அதே இரண்டு வரியைத்தான் சொல்லும். ஆனால், யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.